மாடித்தோட்டத் தொட்டி: அடியில ஜல்லி போடணுமா, கூடாதா?

செம்பருத்தி: 12 அங்குலத் தொட்டின்னா அடியில 2 அங்குலம் ஜல்லி கட்டாயம். இல்லன்னா தண்ணி தேங்கி வேர் அழுகிடும்.

மண்வெட்டி: ஜல்லிதான் அழுக வைக்கும். தொட்டியில மண்ணுக்குப் பதிலா நிரப்புற தென்னைநார்க்கழிவோட நுண்துளைகள் தண்ணியை இழுத்துப் பிடிச்சுக்கும். ஜல்லியோட பெரிய சந்துகளுக்குள்ள சுலபமா விடாது. நார்க்கழிவோட அடிப்பகுதி சொதசொதன்னு ஊறின பிறகுதான் சொட்டும். ஜல்லி போட்டா அந்த ஊறல் 2 அங்குலம் மேலேறி வேர்கிட்ட வந்துடும். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை நனைச்சுப் படுக்கையாப் பிடிங்க. சொட்டு நின்னதும் செங்குத்தா நிமிர்த்துங்க, மறுபடி வடியும். உயரம் கூடக்கூடத்தான் வடிகால். நீங்க அதையே குறைக்கிறீங்க.

செம்பருத்தி: அப்ப துளை அடைச்சுக்கிட்டா?

மண்வெட்டி: துளைமேல நிழல்வலைத் துண்டு ஒண்ணு போதும். தொட்டியைத் தரையோட ஒட்டி வைக்காம ரெண்டு செங்கல்மேல ஏத்துங்க; தளச்சூடும் ஏறாது. செங்கல் துண்டு கைவசம் இருந்தா கடலைப்பருப்பு அளவுக்கு உடைச்சு, மொத்தக் கலவையில அஞ்சுல ஒரு பங்கு கலந்துடுங்க. அடியில அடுக்காதீங்க.

கறிவேப்பிலை: வடிகாலையே பேசுறீங்களே, கத்திரி வெயில்ல செடியைச் சாகடிக்கிறது பெரும்பாலும் தொட்டி காய்ஞ்சு போறதுதான். நார்க்கழிவு ஒருதடவை நல்லாக் காய்ஞ்சா சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகிடும். ஊத்துற தண்ணி அந்த இடுக்கு வழியா ஓடி உடனே அடியில வந்துடும், நடுவுல வேர்க்கட்டி உலர்ந்தே கிடக்கும். "வடிகால் அருமை"ன்னு ஏமாந்துடுவோம். தொட்டியை ஒரு டப் தண்ணியில அரைமணி நேரம் வைங்க, ஊறிக்கும். மேல 2 அங்குலம் சருகு மூடாக்கு போட்டா மறுபடி அப்படி ஆகாது.

செம்பருத்தி: மதியம் வாடுறப்ப ஊத்தலாமா?

கறிவேப்பிலை: முதல்ல விரலை 2 அங்குலம் உள்ள விட்டுப் பாருங்க. ஈரமா இருந்தா ஊத்தாதீங்க, சாயந்தரம் தானா நிமிரும். கறுப்புத் தொட்டின்னா மேற்கு வெயில் படுற பக்கம் வெள்ளைச் சாக்கு கட்டிவிடுங்க. வெயிலைப் பாதியாக் குறைக்கிற 50 சதவீத நிழல்வலையும் வேணும்.

மண்வெட்டி: வலையில உடன்பாடில்லை. வெண்டை, கத்திரிக்கு அது அதிகம், காய்ப்பு குறையும். கீரைக்கும் நாத்துக்கும் சரி.

கறிவேப்பிலை: தக்காளி பகல்ல 35 டிகிரி தாண்டினாலே பூவை உதிர்க்குது. மே மாசத்துல காய்ப்பைப் பார்க்காம செடியைக் காப்பாத்தணும்.

செம்பருத்தி: ஜல்லியை எடுத்துடறேன். வெண்டைக்கு வலை போடல.