நிறுத்தினாலும் நிற்காத டீசல் என்ஜின்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கிணற்றுமேடு:

போன வாரம் நடந்தது. எங்கள் தோட்டத்தில் அப்பா காலத்து ஐந்து குதிரைத்திறன் ஆயில் என்ஜின் ஒன்று இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்துக்கு மட்டும் எடுப்போம். தூசியைப் பிடிக்க ஏர் கிளீனருக்குள் இருக்கிற ஆயில் குறைந்திருக்கிறதே என்று நான்தான் ஊற்றினேன். கோடு வரைக்கும் ஊற்ற வேண்டியதை விளிம்பு வரைக்கும் ஊற்றிவிட்டேன்.

கைப்பிடி போட்டுச் சுற்றி லிவரைத் தட்டியதும் பிடித்துக்கொண்டது. இரண்டு நிமிடம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் சத்தம் மாறியது. எண்ணிவிடலாம் போல விழுந்துகொண்டிருந்த டப் டப் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே இரைச்சலாகிவிட்டது. வெள்ளையும் நீலமுமாகப் புகை கிணற்றையே மூடியது. சிமெண்ட் மேடையில் வைத்திருந்த ஸ்பானர் அதிர்வில் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்து கீழே விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

டீசல் குழாயை மூடினேன், நிற்கவில்லை. ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்தேன், அதற்கும் நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து பம்ப் பெல்ட் கழன்றது. இழுக்கப் பாரம் இல்லை என்றதும் இன்னும் ஏறியது. வரப்பிலிருந்து சித்தப்பா, "டேய், வீலுக்கு நேரா நிக்காதடா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். மண்வெட்டிக் காம்பை நீட்டி, பக்கவாட்டில் தள்ளி நின்றபடி, வால்வைத் திறந்து பிடித்து உள்ளழுத்தத்தை வெளியே விடுகிற டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிவிட்டார். புஸ் புஸ் என்று மூச்சு விட்டு அடங்கியது. வால்வைத் தள்ளுகிற புஷ் ராட் வளைந்ததோடு போயிற்று.

டீசலை மூடிய பிறகு எதைத் தின்று ஓடியது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

நாமக்கல் பட்டறை:

நீங்கள் ஊற்றிய ஆயிலைத்தான் தின்றிருக்கிறது. பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டால் காற்று குறையும். நம் பழைய டீசல் என்ஜின்கள் காற்றை எப்போதும் முழுசாகவே இழுக்கும். எவ்வளவு டீசல் போகிறது என்பதை வைத்துத்தான் வேகம். காற்றோடு சேர்ந்து வேறு எண்ணெய் உள்ளே போனால் அதுவும் எரியும், அதற்கு வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரும் இல்லை, சாவியும் இல்லை. ஸ்டாப் லிவர் டீசல் பம்பை மட்டும்தான் மூடும். சித்தப்பா செய்தது சரி. கம்ப்ரஷன் போனால் எதுவும் பற்றாது. தினமும் அந்த லிவரை வைத்து நிறுத்தினால் வால்வு கெடும், ஆனால் இது தினமும் வருகிற விஷயம் இல்லையே.

லாரியில் இது பெரும்பாலும் டர்போவால், அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற விசிறியால் வரும். டர்போ புஷ் தேய்ந்து, சீல் போய், என்ஜின் ஆயில் நேராகக் காற்றுக் குழாய்க்குள் இறங்கும். எங்களிடம் வந்த ஒரு டிரைவர் அண்ணன் சொன்னது: மேட்டில் ஏறும்போது காலை எடுத்த பிறகும் வண்டி இழுத்திருக்கிறது. கிளட்ச்சை மிதித்திருக்கிறார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். மிதித்ததும் பாரம் விட்டுப்போய் என்ஜின் கத்த ஆரம்பித்துவிட்டது. நல்லவேளை, மனிதர் பழைய ஆள். ஓரம் கட்டி நிறுத்தி, டாப் கியரைப் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டு கிளட்ச்சைச் சட்டென்று விட்டிருக்கிறார். வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. கிளட்ச் பிளேட் போனது, என்ஜின் பிழைத்தது.

இன்னொன்று, எங்கள் பட்டறையிலேயே நடந்தது. டீசல் பம்பைப் பிரித்து மாட்டிய பையன், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ராக் கம்பி இறுகி நிற்பதைக் கவனிக்கவில்லை. ஸ்டார்ட் செய்ததும் நேராக ரேஸ் ஏறிவிட்டது. இது சொந்த டீசலிலேயே ஓடுகிற வகை, ஆனாலும் காத்திருக்க நேரம் இல்லை. மேஸ்திரி ஏர் குழாயைப் பிடுங்கி, சீட் அடியில் கிடந்த பிளைவுட் பலகையை என்ஜினின் காற்று வாயில் அறைந்தார். மூன்று நான்கு நொடியில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து பம்ப் வேலை பார்த்த வண்டியை, பலகை கையில் இல்லாமல் ஸ்டார்ட் செய்ய விடமாட்டார்.

சின்னக்கண்ணு:

பலகைக்கு எங்கே போவது? துணியைச் சுருட்டி அடைத்தால் போதாதா?

தோணித்துறை:

அடைத்துப் பார்த்தவன் சொல்கிறேன், வேண்டாம். விசைப்படகில் என்ஜின் அறை ஒரு ஆள் குனிந்து நிற்கிற அளவுதான். புகையில் ஒன்றும் தெரியாமல் இடுப்பில் இருந்த சாரத்தை அவிழ்த்து அடைத்தேன். பாதி சாரம் உள்ளே போய்விட்டது. டர்போ விசிறியில் சுற்றி, இறக்கை இரண்டு முறிந்தது. என்ஜின் நின்றது என்னவோ உண்மை. கரைக்கு இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது, நான் ஜட்டியோடு உட்கார்ந்திருந்தேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

கையை மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்த உறிஞ்சல் உள்ளங்கையைப் பிடித்தால் விடாது, உள்ளே சுற்றுகிற விசிறி விரலைப் பார்த்துக்கொண்டு இருக்காது. தட்டையாக, வளையாத பொருளாக இருக்க வேண்டும். பலகை, தகரம், தடிமனான புத்தகம், எது கிடைத்தாலும் சரி.

ஷிப்ட் முடிந்தது:

வளைகுடாவில் எண்ணெய் வயல் வேலை. எங்கள் ஊர் பக்கம் இதை மெக்கானிக் பிரச்சினையாகப் பார்க்கிறோம், இங்கே உயிர்ப் பிரச்சினை. என்ஜினில் ஒரு கோளாறும் இருக்க வேண்டாம். சுற்றி எரிவாயு கசிந்திருந்தால் போதும், காற்றோடு அதையும் இழுத்து ரேஸ் ஏறும்.

2005 மார்ச் 23 அன்று டெக்சாஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் நடந்தது அதுதான். எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் ஒரு கோபுரத்தில் அளவுக்கு மேல் திரவம் நிரம்பி, வெளியேற்றும் புகைபோக்கி வழியாகப் பீறிட்டு, எரியக்கூடிய ஆவி தரையில் பரவியது. பக்கத்தில் ஓடிக்கொண்டு நின்றிருந்த டீசல் பிக்கப் வண்டியின் என்ஜின் ரேஸ் ஏறியது. ஆவியைப் பற்ற வைத்தது அந்த வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயப்பட்டார்கள். இறந்தவர்கள் எல்லோரும் பக்கத்தில் இருந்த தற்காலிக அலுவலக டிரெய்லர்களிலும் அவற்றை ஒட்டியும் இருந்தவர்கள்.

எங்கள் தளத்தில் காற்றுக் குழாயில் அடைப்பு வால்வு இல்லாத டீசல் வண்டி வேலிக்குள் வர முடியாது. வேகம் எல்லை தாண்டினால் தானாக மூடிக்கொள்ளும். புது யோசனை இல்லை இது. பழைய டெட்ராய்ட் டீசல் டூ ஸ்ட்ரோக் என்ஜின்களில் காற்று வழியிலேயே ஒரு அவசர மூடி இருக்கும். நாங்கள் சோதனைக்காக அதை மூடினால், மறுபடி திறந்து வைத்தோமா என்று இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம்.

வால்வு இல்லாத இடத்தில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைக் காற்று வாயில் பீச்சலாம். சிவப்பு நிறத்தைப் பார்த்து பவுடர் சிலிண்டரை எடுத்துவிட வேண்டாம், பவுடர் என்ஜினை அறுத்துவிடும். ஆனால் காரணம் வாயுக் கசிவு என்றால் எதையும் நிறுத்தப் போகாதீர்கள். காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே ஓடுங்கள்.

ஆட்டோமேட்டிக் அண்ணாச்சி:

என்னிடம் பிஎஸ் 6 டீசல் கார், ஆட்டோமேட்டிக் கியர். ஊருக்குள்ளேயே நாலு கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் என்று ஓட்டுவேன். சும்மா டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது, முகர்ந்தால் டீசல் வாடை. யாரும் ஆயில் ஊற்றவே இல்லை. புகை வடிகட்டியைச் சுத்தம் செய்ய என்ஜின் கூடுதல் டீசல் விடுமாம். பாதியில் வண்டியை அணைத்துவிட்டால் அந்த டீசல் என்ஜின் அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பில் இறங்கிவிடுமாம். சர்வீஸில் ஆயிலை மாற்றிக் கொடுத்து, வாரம் ஒரு தரம் ஹைவேயில் போகச் சொன்னார்கள். நிறைந்த ஆயில் என்ஜினின் மூச்சுக் குழாய் வழியாக மேலே ஏறினால் நீங்கள் சொல்கிற கதைதானே? என் வண்டியில் கிளட்ச்சே இல்லையே, என்ன செய்ய?

நாமக்கல் பட்டறை:

அதே கதைதான். புது வண்டிகள் பலவற்றில் சாவியை அணைத்ததும் காற்றுக் குழாயில் ஒரு மூடி மூடிக்கொள்ளும், கொஞ்சம் காப்பாற்றும். ஆனால் முழுசாக நம்பாதீர்கள். ஆட்டோமேட்டிக்கில் கியரை வைத்து அமுக்க முடியாது. ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள். பானெட்டைத் திறந்து காற்று வாயைத் தேடுகிற வேலை, ஏற்கெனவே அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்கு மட்டும். உறிஞ்சுகிற ஆயில் தீர்ந்தால் அதுவே நிற்கும், இல்லாவிட்டால் பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ராட் முறியும். முறிந்த ராட் பிளாக்கைக் கிழித்து வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். டம்ளர் போகிற அளவு ஓட்டை. துண்டு எதிர்ச் சுவரில் காரையைப் பெயர்த்திருந்தது.

நின்ற பிறகு சும்மா ஒரு தரம் ஸ்டார்ட் செய்து பார்ப்போமே என்று யாரும் சாவியைத் தொடாதீர்கள். உள்ளே போகிற காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலரில் இன்னும் அரை லிட்டர் ஆயில் தேங்கியிருக்கலாம்.

கிணற்றுமேடு:

எல்லோருக்கும் நன்றி. என்ஜின் கொட்டகைச் சுவரில் அரை அங்குல பிளைவுட் ஒன்றை ஆணியில் மாட்டிவிட்டேன். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏர் கிளீனருக்கு நாலு பக்கமும் ஓட்டைடா, அத கழட்டுனாதான பலகைய வைப்ப? அதுக்கு ஸ்பானர் தேடுவியா அப்ப?" என்று கேட்டார். கையாலேயே கழற்றுகிற காது நட் கிடைக்குமா என்று நாளைக்குச் சந்தைக்குப் போகிறேன்.