பழைய பெஜோ சைக்கிள்: பெடலும் ஏறவில்லை, ஸ்டெமும் இறங்கவில்லை. 150 யூரோவுக்குள் சரிசெய்ய முடியுமா?

புதுவை_பெடல்:
எல்லோருக்கும் வணக்கம். பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். போன மாதம் தெருச் சந்தையில் ஒரு பெஜோ 10 கியர் சைக்கிள் 40 யூரோவுக்குக் கிடைத்தது. 1970களின் நடுவில் தானே புதிதாக வாங்கியது என்றார் விற்ற பெரியவர். பிரேம் நன்றாக இருக்கிறது, பெயின்ட் கூட முக்கால்வாசி மிச்சம். பிரச்சினை எல்லாம் பார்ட்ஸில்தான். இடது பெடல் உடைந்திருந்ததால் புது ஜோடி வாங்கினேன், இரண்டு பக்கமுமே மரை பிடிக்கவே மாட்டேன் என்கிறது. ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு முன் குழாய்க்குள் இறங்கும் ஸ்டெம்மில் ஏவா என்று கம்பெனிப் பெயர் எழுதியிருக்கிறது, அதைப் பற்றி யாரோ பயமுறுத்தியதால் அதற்கும் புதுசு வாங்கினேன், குழாய்க்குள் இறங்கவில்லை. மிதித்தால் பிபியில் (பாட்டம் பிராக்கெட், பெடல்களின் நடு ஆக்ஸில் சுழலும் இடம்) மணல் அரைபடுவது போல் சத்தம். ரிப்பேர் கடையில் காட்டினால் அதன் வலது கப்பை (பால்ரஸ் உட்காரும் மரைக் கிண்ணம்) கொஞ்ச நேரம் முறுக்கிப் பார்த்துவிட்டு, வராது, வேறு சைக்கிள் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பின் டீரெயிலர் (செயினை நகர்த்திக் கியர் மாற்றும் கருவி) பிளாஸ்டிக், அதிலும் விரிசல்.

150 யூரோவுக்கு மேல் போக வசதி இல்லை. அம்மா புதுச்சேரியிலிருந்து வருகிறார், அங்கே பழைய சைக்கிள் கடைகளில் இதற்குப் பார்ட்ஸ் கிடைக்குமா? பிரெஞ்சுக்காரர்கள் இருந்த ஊர்தானே என்று ஒரு நப்பாசை.

லாசப்பெல்_அண்ணன்:
தம்பி, முதலில் அம்மாவின் பெட்டியில் இரும்பு ஏற்றாதீர்கள், புளியும் கருவாடும் வரட்டும். புதுச்சேரியில் ஓடுவதும் இங்கிலாந்து வழியில் வந்த நம்மூர் சைக்கிள்தான். அதன் 28×1½ டயர் 635 மி.மீ. ரிம்முக்கு உரியது. வேடிக்கை என்னவென்றால் அதே அளவுக்கு பிரெஞ்சில் 700பி என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் உங்களுடையது அநேகமாக 700சி, அதாவது 622. டயரின் பக்கவாட்டில் எண் இருக்கும், பாருங்கள்.

உங்கள் பெடலிலோ ஸ்டெம்மிலோ குறை இல்லை. 80களின் தொடக்கம் வரைக்கும் பெஜோ பிரெஞ்சு அளவிலேயே சைக்கிள் செய்தது. பெடல் மரை 14 மி.மீ., புரி இடைவெளி 1.25. இன்று கடையில் கிடைப்பது 9/16 அங்குலம், அதாவது 14.28 மி.மீ. பெரியது சிறிய துளைக்குள் எப்படிப் போகும்? ஸ்டெம் குழாய் உங்களுக்கு 22.0 மி.மீ., கடையில் விற்பது 22.2. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், ஆனால் சுத்தியலால் தட்டி இறக்கிவிடாதீர்கள், பிறகு கழற்றவே முடியாது.

இந்தத் தொகைக்குள் முடிக்க வேண்டும் என்றால் தனித்தனியாகப் பார்ட்ஸ் தேடக் கூடாது, இன்னொரு செத்த சைக்கிளைத் தேட வேண்டும். லெபொன்குவான் விளம்பரத் தளத்தில் 'டெமி கூர்ஸ்' என்று போட்டுத் தேடுங்கள். அந்தக் காலத்துச் சாதாரண 10 கியர் சைக்கிளை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். 'வின்டேஜ்' என்று எழுதியிருந்தால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள், அந்த ஒரு சொல்லுக்கே விலையை ஏற்றியிருப்பார்கள். மோட்டோபெக்கான், ஜித்தான், மெர்சியே என்று எந்த பிரெஞ்சு கம்பெனியானாலும் சரி, பிரேம் வளைந்து கிடந்தாலும் பரவாயில்லை. ஒன்று கிடைத்தால் பெடல், கிராங்க் (பெடல் மாட்டும் கை), பிரேக் எல்லாம் மொத்தமாக வந்துவிடும். பழைய சாமான் விற்கும் எம்மாவுஸ் கடைகளையும் எட்டிப் பாருங்கள்.

மரைஅளவு:
பிபி பற்றி மட்டும் சொல்கிறேன், அதில்தான் கடைக்காரர் உங்களைக் குழப்பியிருக்கிறார். இங்கிலீஷ் சைக்கிளில் வலது கப்புக்கு இடதுபுரி மரை, கடிகாரத் திசையில் திருப்பினால் கழலும். பிரெஞ்சு பிரேமில் 35×1 அளவு (35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி இடைவெளி), இரண்டு பக்கமும் சாதாரண வலதுபுரி. அதாவது வலது கப்பை எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். கடையில் எந்தப் பக்கம் முறுக்கினார்கள் என்று பார்த்தீர்களா? பழக்கதோஷத்தில் கடிகாரத் திசையில் முறுக்கியிருந்தால் அவர்கள் செய்த வேலை இறுக்குகிற வேலை. போல்ட்டும் நட்டும் போட்டு கப்பைப் பிடித்துத் திருப்பும் உத்தி ஒன்று உண்டு. இங்கிலீஷ் கப்பில் போல்ட் இறுக இறுக கப் கழன்று வரும், இதில் கப்புக்கு முன்னால் போல்ட்தான் கழலும், அதனால் இரண்டாவது நட் போட்டுப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதை ஏன் கழற்ற வேண்டும்? இடது கப்பைக் கழற்றி, ஆக்ஸிலை உருவி, வலது கப்பை இருந்த இடத்திலேயே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பால்ரஸ் ஓடும் பாதை பளபளவென்று இருந்தால் போதும், சின்னச் சின்னக் குழிகளாக இருந்தால்தான் கப் மாற்ற வேண்டும். கால் அங்குல பால்ரஸ், பக்கத்துக்கு 11, மொத்தம் 22. சில யூரோதான். கிரீஸை அப்பி வைத்து, ஆக்ஸில் ஆடாமலும் இறுகாமலும் இருக்கும்படி இடது கப்பை வைத்து லாக் ரிங்கை முறுக்குங்கள். இந்த வேலையிலேயே பாதிச் சத்தங்கள் போய்விடும்.

டோனராக (பார்ட்ஸுக்காக வாங்கும் செத்த சைக்கிளாக) மோட்டோபெக்கான் எடுத்தால் பிபி கப்பை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். 70களின் பிற்பகுதியில் அவர்கள் சுவிஸ் மரைக்குப் போனார்கள், அதுவும் 35×1தான், ஆனால் வலது பக்கம் இடதுபுரி.

புதுவை_பெடல்:
அண்ணா, மரைஅளவு சார், இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. அவர்கள் கடிகாரத் திசையில்தான் முறுக்கினார்கள், நல்ல ஞாபகம். டயரில் 622 என்றுதான் இருக்கிறது. ஏவா ஸ்டெம் உண்மையிலேயே ஆபத்தா? பார்க்க ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் இந்த பிளாஸ்டிக் டீரெயிலருக்கு என்ன செய்வது, ஒரிஜினல் சிம்ப்ளெக்ஸ் கம்பெனியுடையது தேடினால் விலை கூடுதலாக இருக்கிறது.

கிளெர்மோன்_வாசி:
ஏவாவைக் கழற்றிக் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். குழாயில் நீளவாக்கில் வெட்டு விட்டிருப்பார்கள், அந்த வெட்டு முடியும் இடத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். வெளியே தெரியாது. ஓடும்போது உடைந்தால் ஹேண்டில் பார் கையோடு வந்துவிடும். அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், ஓட்ட வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிய 22.2 ஸ்டெம்மை வீணாக்க வேண்டாம். அலுமினியம்தானே? உள்ளே போகும் பகுதியை மட்டும் எமரித் துணியால் சுற்றிச் சுற்றித் தேயுங்கள், பக்கத்துக்கு 0.1 மி.மீ. குறைந்தால் போதும். வெர்னியரில் அளந்துகொண்டே தேயுங்கள், ஒரு மாலை வேலை. இன்னொன்று, பழைய பிரெஞ்சு ஹேண்டில் பார் நடுவில் 25.0 மி.மீ. இருக்கும், புது ஸ்டெம் 25.4க்கு என்றால் கவ்வாது. பாரையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

சிம்ப்ளெக்ஸை விட்டுவிடுங்கள். அது டெல்ரின் பிளாஸ்டிக், வயசானால் நொறுங்கும், இன்னொரு பழையதை வாங்கினாலும் அதே கதை. ஷிமானோ டூர்னே டீரெயிலரில் பின் சக்கர ஆக்ஸிலோடு சேர்த்து மாட்டும் கொக்கி வைத்ததே வருகிறது, விலை மலிவு. உங்கள் லீவர் கிளிக் இல்லாத உரசல் வகை என்பதால் எந்த டீரெயிலரையும் இழுக்கும். ஒரிஜினல் பைத்தியங்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

பிரேக் மாஃபாக் கம்பெனியாக இருந்தால் தொடாதீர்கள், எங்கள் ஊர்ச் சரக்கு, கிளெர்மோன் ஃபெராங்கில் செய்தது. ரப்பர் கட்டை மட்டும் புதிதாகப் போடுங்கள், மரையில்லாத வழுவழுத் தண்டு உள்ளது வேண்டும், பழைய கான்டிலீவர் கட்டைகளே பொருந்தும். ரிம் குரோம் பூசிய இரும்பு என்றால் மழையில் பிரேக் பிடிக்காது. டோனரில் அலுமினிய ரிம் இருந்தால் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

லாசப்பெல்_அண்ணன்:
கருவிகள் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். லெரோ சிக்லாஜ் என்று சைக்கிள் பட்டறைகளின் கூட்டமைப்பு இருக்கிறது, அவர்கள் வரைபடத்தில் உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பட்டறை தெரியும். வருடச் சந்தா கட்டினால் கருவிகளை அங்கேயே பயன்படுத்தலாம், கழற்றி வைத்த பழைய சாமான்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். பெடல் டேப் (மரை வெட்டும் கருவி) இருந்தால் உங்கள் கிராங்கையே 9/16க்கு மாற்றிக்கொள்ளலாம், புரி இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் மரை கெடாது. இரும்புக் கிராங்க் என்றால் எண்ணெய் விட்டு டேப்பை மெதுவாகத் திருப்புங்கள், இடது பக்கத்துக்கு இடதுபுரி டேப்.

புதுவை_பெடல்:
பட்டறைக்குப் போய் வந்தேன். அங்கே ஒரு மூலையில் பிரேம் முறிந்த ஜித்தான் கிடந்தது, அலுமினியச் சக்கரங்களோடு 25 யூரோவுக்குக் கொடுத்தார்கள். பெடலில் D, G (பிரெஞ்சில் வலது, இடது) என்று போட்டிருக்கிறது, என் கிராங்கில் கையாலேயே ஏறியது. பிபியையும் திறந்து பார்த்தேன், வலது கப்பில் குழி இல்லை. ஒரே சிக்கல், கிராங்கைக் கழற்றும்போது காட்டர் பின் (கிராங்கை ஆக்ஸிலோடு பூட்டும் ஆப்பு) ஒன்று நசுங்கிவிட்டது. புதிது வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மரைஅளவு:
9.0 மி.மீ. வாங்குங்கள். 9.5 என்பது இங்கிலீஷ் கிராங்குக்கு, கடையில் அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். சாய்வுப் பக்கம் ஆக்ஸிலில் முழுதாக உட்காரவில்லை என்றால் அரம் போட்டுச் சரிசெய்து, பட்டறையில் காட்டர் பிரஸ் இருந்தால் அதில் அழுத்திப் பூட்டுங்கள். சிறிது தூரம் ஓட்டிய பிறகு நட்டை இன்னொரு முறை இறுக்குங்கள்.