புதுப்பிப்பு: ஸ்பேம் இப்போது தானாக ஜங்க் ஃபோல்டருக்குப் போகிறது

என் மெயில் சர்வரைப் பற்றிப் போன வாரம் கேட்டிருந்தேன்: ஸ்பேமைக் கண்டுபிடிக்கும் ஸ்பேம்அசாசின் மென்பொருள் கடிதத்தில் ஸ்பேம் என்று சரியாகக் குறிக்கிறது, கடிதங்களை ஃபோல்டர் வாரியாகப் பிரிக்கும் சீவ் விதியும் எழுதியாகிவிட்டது, ஆனாலும் எல்லாம் இன்பாக்ஸிலேயே விழுகிறதே, ஏன் என்று. இப்போது சரியாகிவிட்டது.

கோளாறு விதியில் இல்லை. கடிதங்களை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், அவற்றை நேராக மெயில்டிர் என்ற சேமிப்பு ஃபோல்டரில் போட்டுக்கொண்டிருந்தது. சீவ் விதிகளை ஓட்டுவது கடிதப்பெட்டிகளைக் கவனிக்கும் டவ்காட் மென்பொருள்தான்; அதன் கைக்கே வராத கடிதத்தில் சீவ் எப்படி ஓடும்? மெயில் லாகில் (சர்வரின் பதிவேட்டில்) ஒவ்வொரு டெலிவரியிலும் 'ரிலே=லோக்கல்', அதாவது போஸ்ட்ஃபிக்ஸே போட்டது என்று இருந்ததைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. டெலிவரியை எல்எம்டிபி (கடிதத்தைக் கைமாற்றும் நெறிமுறை) வழியாக டவ்காட்டுக்கு மாற்றி, அதன் எல்எம்டிபி பகுதியில் சீவ் பிளக்இன்னையும் சேர்த்தேன். அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு சின்ன முடிச்சு. எல்லாருக்கும் பொதுவான விதிக் கோப்பு ரூட் (நிர்வாகிக் கணக்கு) வசம் இருந்தது. பயனர் உரிமையில் ஓடும் சீவ், தான் கம்பைல் செய்ததை (இயங்கும் வடிவுக்கு மாற்றியதை) அங்கே சேமிக்க முடியாமல் லாகில் பிழை எழுதிக்கொண்டே இருந்தது. ரூட்டாக, விதியைக் கம்பைல் செய்யும் 'சீவ்சி' கட்டளையை ஓட்டியதும் நின்றுவிட்டது. விதியை மாற்றினால் மறுபடி ஓட்ட மறக்காதீர்கள்.

நேற்றிரவு வெளிக் கணக்கிலிருந்து ஜிட்யூப் சோதனை வரியை (ஸ்பேம் வடிகட்டியைச் சோதிக்கவென்றே உள்ள வரி) அனுப்பிப் பார்த்தேன். இன்பாக்ஸில் இல்லை, ஜங்கில் இருந்தது. கைபேசியிலும் அப்படியே. அவ்வளவு நிம்மதி! லாகைப் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.