நிரலில் ஒரு பெயரை மாற்றி முடித்த பிறகு எது உடைந்தது? உங்கள் அனுபவம்

காட்பாடியிலிருந்து:
ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனிக்கு ஸ்டாக் மென்பொருள் எழுதினோம். தோல் தொழிலில் ஆட்டுத் தோல் 'ஸ்கின்', மாட்டுத் தோல் 'ஹைட்'. எங்களுக்கு அது தெரியாது; எல்லாவற்றுக்கும் 'ஸ்கின்லாட்' என்று ஒரே கிளாஸ் (நிரலில் ஒரு வகைப் பொருளை விவரிக்கும் பகுதி). குடோன் பார்க்கும் பெரியவர் திரையைப் பார்த்துவிட்டு, "எருமைத் தோலை ஸ்கின்னுன்னு போட்டிருக்கியே தம்பி, வாங்கறவன் என்ன நெனப்பான்?" என்றார். நியாயம்தான்.

ஜாவா நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸில் கிளாஸ் பெயர்மேல் கர்சரை வைத்து ஆல்ட், ஷிஃப்ட், ஆர். 'லெதர்லாட்' என்று அடித்து என்டர். இம்போர்ட் வரிகள், கன்ஸ்ட்ரக்டர், கோப்பின் பெயர் எல்லாம் தானாக மாறின. பிழை என்று காட்டும் சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. அன்றைக்கே கம்பெனிக்குக் கொடுத்துவிட்டோம்.

சனிக்கிழமை சாயங்காலம் போன். லாரியில் சரக்கு ஏறிவிட்டது, பேக்கிங் லிஸ்ட் வரவில்லை. மென்பொருளின் பிழைப் பதிவில் (லாக்) 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்'. எந்த ரிப்போர்ட் எந்த கிளாஸிலிருந்து விவரம் எடுக்க வேண்டும் என்பதை ஒரு ப்ராப்பர்டீஸ் கோப்பில் (அமைப்புகளை எழுதிவைக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு) எழுதிவைத்து, ஓடும்போது அந்தப் பெயரைப் படித்து கிளாஸை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஜாவா வரிகளில் எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று எக்லிப்ஸுக்குத் தெரியும். அந்தக் கோப்பில் இருந்தது அதற்கு வெறும் எழுத்து. எங்களுக்கு அதுதான் இணைப்பு.

அப்புறம்தான் பார்த்தேன்: ஆல்ட், ஷிஃப்ட், ஆர் ஒருமுறை அழுத்தினால் இருந்த இடத்திலேயே மாற்றிவிடும். அதே சாவிகளை மறுபடி அழுத்தினால் பெட்டி திறக்கும். ஜாவா அல்லாத கோப்புகளில் உள்ள முழுப் பெயரையும் மாற்றச் சொல்லும் டிக் அதில் இருக்கிறது. அதைப் போட்டால் முன்னோட்டம் காட்டித்தான் மாற்றும். ஒவ்வொரு வரியையும் பொறுமையாகப் பாருங்கள்.

குடியாத்தத்திலிருந்து:
எனக்கு விஷுவல் ஸ்டுடியோவில் நடந்தது அண்ணா, அதுவும் நிரல் எழுதும் மென்பொருள்தான். சொல்யூஷன் எக்ஸ்ப்ளோரரில் ப்ராஜெக்ட் பெயரை மாற்றினேன். ப்ராஜெக்ட் கோப்பின் பெயர் மாறியது, ஃபோல்டர் பழைய பெயரிலேயே இருந்தது. பார்க்க நன்றாக இல்லையே என்று ஃபோல்டரை வெளியே போய் நானே மாற்றினேன். மறுபடி திறந்தால் ப்ராஜெக்ட் ஏறவே இல்லை. எந்த ப்ராஜெக்ட் எங்கே இருக்கிறது என்று குறித்திருக்கும் சொல்யூஷன் கோப்பை நோட்பேடில் திறந்து பாதையைத் திருத்தினேன். அதைச் சார்ந்திருந்த மற்ற ப்ராஜெக்டுகளிலும் பழைய பாதைதான். அதற்கே அரை நாள் போனது.

ஆற்காட்டிலிருந்து:
நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்க கிட் பயன்படுத்தினால், பெயர் மாற்றத்தைத் தனி கமிட்டாக, அதாவது தனிப் பதிவாகப் போடுங்கள். கோப்பின் பெயர் மாறியது என்று கிட் எங்கும் குறித்துவைப்பதில்லை. பழையதும் புதியதும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறது. நாம் அமைப்பை மாற்றாவிட்டால், குறைந்தது 50% ஒத்திருக்க வேண்டும். கூடவே உள்ளேயும் நிறைய மாற்றினால் ஒன்றை அழித்து இன்னொன்று சேர்த்ததாகக் காட்டிவிடும்.

காட்பாடியிலிருந்து:
சரி, அதையும் சேர்த்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பழைய பெயரை முழு ஃபோல்டரிலும் தேடுகிறேன். போன வாரம் டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் ஒரு கொயரி ஸ்ட்ரிங்குக்குள் இரண்டு 'ஸ்கின்லாட்' இன்னும் உட்கார்ந்திருந்தன.