சந்திரசிலா பனியில் அத்தானை உட்கார வைத்துவிட்டு மேலே போனேன்

கும்பகோணத்தான்:
உத்தராகண்ட் இமயமலையில் சோப்தாவிலிருந்து துங்கநாதர் கோயில் வழியாகச் சந்திரசிலா உச்சிக்கு ஏறும் வழி இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி, பொங்கல் முடிந்த மறுவாரம். நானும் அக்கா வீட்டுக்காரரும், கூட ஒரு வழிகாட்டிப் பையனும். அத்தானுக்கு மலை என்றால் சுவாமிமலை 60 படிதான், அதுவும் கட்டுமலை. பனி என்றால் வைக்கோல் போர் மேல் காலையில் ஈரமாக இருக்குமே, அது. எனக்காகத்தான் வந்தார்.

விடியுமுன் சோப்தாவிலிருந்து கிளம்பினோம். துங்கநாதர் கோயில் வரை நன்றாகத்தான் வந்தார், நடை சாத்தியிருந்தாலும் வாசலில் நின்று கும்பிட்டார். அதற்கு மேலே ஒன்றரை கிலோமீட்டர்தான், ஆனால் முழங்கால் வரை புதைகிறது. உள்ளே காட்டன் பனியன், வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்து "மாப்பிள்ளை, நீ போய்ட்டு வா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். பையன் திரும்பிவிடலாம் என்றான். நான்தான் கேட்கவில்லை. 4,000 மீட்டர், இவ்வளவு தூரம் வந்துவிட்டு, என்று ஏதோ பேசி அவனையும் இழுத்துக்கொண்டு போனேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் இரண்டு கையுறையும் பனியில் கிடக்கிறது. அத்தான் வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தோளைத் தொட்டதும் நிமிர்ந்து, நாக்கு குழற, "பஸ் வந்துடுச்சா?" என்றார்.

பையன் அத்தானின் நனைந்த பனியனைக் கழற்றித் தன் கம்பளி ஸ்வெட்டரை மாட்டிவிட்டு, பிளாஸ்கிலிருந்து சர்க்கரை போட்ட டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தான். கீழே வந்ததும் ஆள் தெளிந்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த "பஸ் வந்துடுச்சா" மட்டும் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது ஆனதுண்டா?

வேதாரண்யம் உப்பு:
எனக்குக் கண்ணில் நடந்தது. கேதார்காந்தா, அதுவும் உத்தராகண்ட் மலைதான், 12,500 அடி, டிசம்பர். நடுராத்திரிக்கு மேல் எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறினோம், உச்சியில் சூரியன் வந்தது, எல்லாம் சரி. இறங்கும்போது மேகம் மூடியது. வெயில்தான் இல்லையே என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டேன். அடிவாரத்து ஊர் சாங்க்ரி வந்து சேர்ந்த ராத்திரி இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்த மாதிரி ஓர் எரிச்சல், தண்ணீராகக் கொட்டுகிறது, மெழுகுவத்தி வெளிச்சத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. மறுநாள் முழுக்க ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். மேகம் இருந்தாலும் புற ஊதாக் கதிர் வரும், பனி அதைக் கீழேயிருந்து திருப்பி அடிக்கும் என்று பிறகுதான் சொன்னார்கள். உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் நான்! அப்பா உப்பு வாரும்போது தலைத்துண்டைப் புருவம் வரைக்கும் இறக்கிக் கட்டுவார். அது எதற்கு என்று யோசித்ததே இல்லை.

மன்னார்குடி மதில்:
முதலில் ஒரு திருத்தம். சந்திரசிலா 4,000 மீட்டர் எல்லாம் கிடையாது, 3,690 சொச்சம்தான். விளம்பரம் போடுகிறவன் 4,000 என்று போடுகிறான், நாமும் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறோம். இரண்டாவது, கும்பகோணத்தார் கோபித்துக்கொள்ளக் கூடாது, நீங்கள் செய்தது தப்பு. ஏறும்போது உடம்பு சூடாக இருக்கும், உட்கார்ந்த பத்தாவது நிமிடம் நனைந்த பருத்தி சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். குளிர் மூளைக்கு ஏறினால் சிலர் உடம்பு எரிகிறது என்று இருக்கிற துணியையும் கழற்றுவார்கள், கையுறை கீழே கிடந்தது அதனாலாகத்தான் இருக்கும்.

இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும், காற்று தனிக் கணக்கு. தோலை ஒட்டிக் காட்டன் வேண்டவே வேண்டாம், கம்பளி அல்லது சீக்கிரம் காய்கிற செயற்கைத் துணி. வியர்க்கிற மாதிரி இருந்தால் வியர்ப்பதற்கு முன்பே மேல்சட்டையைக் கழற்றுங்கள், நின்றதும் உடனே மாட்டுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், மேலேயிருந்துதான் உறையும், வாய் அடைக்காது. போன் உள்சட்டைப் பையில். இத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டு, அந்த மணிக்கு உச்சி பத்தடியில் இருந்தாலும் திரும்புங்கள். ஆளைத் தனியாக விடாதீர்கள். புதைகிற பனியில் முன்னால் போகிறவன் கால் வைத்த குழியிலேயே கால் வையுங்கள், சேற்றுழவு வயலில் நடப்போமே, அதே கணக்குதான்.

என் அனுபவமா? உத்தராகண்டிலேயே நாக் டிப்பா மலையில், பனியில் வழுக்காமல் இருக்க ஷூவில் மாட்டுகிற முள் பட்டையை மாட்டாமல் போய் வழுக்கி, பத்தடி உட்கார்ந்தபடியே இறங்கினேன். பேன்ட் கிழிந்தது. அவ்வளவுதான்.

மயிலாடுதுறை மகள்:
மன்னார்குடி அண்ணே, அவர் தப்பு என்று தெரிந்துதானே இங்கே வந்து சொல்கிறார், நீங்கள் வேறு கிளாஸ் எடுக்கிறீர்கள். பேன்ட் கிழிந்த கதை இரண்டு வரி, பாடம் இரண்டு பக்கம்!

நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு துங்கநாத் மட்டும் போனேன், பிப்ரவரி. குளிர்காலத்தில் சுவாமி கீழே மக்குமட் கிராமத்துக்குப் போய்விடுவார், கோயில் பூட்டியிருக்கும் என்று பத்து தடவை சொல்லிவிட்டேன். "சுவாமி போனா கோயிலும் போயிடுச்சா?" என்று கிளம்பிவிட்டார். உள்ளே குளிருக்கான தெர்மல் உள்ளாடை போட்டு அதற்கு மேல் புடவைதான் கட்டுவேன் என்று ஒரே பிடிவாதம். பாதி வழியில் புடவைக் கரை நனைந்து, அப்புறம் உறைந்து, கஞ்சி போட்டுக் காயவைத்த மாதிரி விறைத்துவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் ஷூவில் டொக் டொக் என்று இடிக்கிறது. திரும்பலாம் என்றால் கேட்கவில்லை. பூட்டின கதவுக்கு முன்னால் பையிலிருந்து நம் ஊர் வில்வத்தை எடுத்தார், கருகிப் போயிருந்தது, அதையே பனி மேல் வைத்தார். விரல் மரத்துப்போய் விபூதிப் பொட்டலத்தைப் பிரிக்க முடியவில்லை. பல்லால் கிழித்து, பாதி விபூதி காற்றோடு போய் என் முகத்தில் அடித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இன்றைக்கும் அந்த டொக் டொக் சத்தம் கேட்கிறது. 64 வயது, நான் விட்டிருக்கக் கூடாதுதான்.

வேதாரண்யம் உப்பு:
அத்தான் இப்போது எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்கவே இல்லையே?

கும்பகோணத்தான்:
நன்றாக இருக்கிறார். அறுவடைக்கு நேராக வயலில் போய் இறங்கிவிட்டார். மன்னார்குடியார் சொன்னது எல்லாம் சரிதான், எனக்குக் கோபம் இல்லை. உச்சியில் குளிரில் போன் அணைந்துவிட்டது, அதனால் போட்டோ ஒன்றுகூட இல்லை. அக்காவிடம் அவர் தலைவலி என்று மட்டும் சொல்லியிருக்கிறார். போன வாரம் களத்தில் நெல் தூற்றிக்கொண்டே, "மேலே என்னடா தெரிஞ்சுது, நீ சொல்லவே இல்லையே" என்று கேட்டார். சௌகம்பா சிகரம் முழுசாகத் தெரிந்தது, ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ஒரே மூட்டம் அத்தான், ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.