ஓவரால் 7, ஆனால் ரைட்டிங் 6: இந்த மதிப்பெண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

மழைக்காலம்:
நேற்று ராத்திரி ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் (வெளிநாட்டில் படிக்க எழுதும் ஆங்கிலத் தேர்வு, ஒவ்வொரு பிரிவும் 9-க்கு) ரிசல்ட் வந்தது. லிசனிங் 7.5, ரீடிங் 7.5, ரைட்டிங் 6, ஸ்பீக்கிங் 6.5. கூட்டி நாலால் வகுத்தால் 6.875 தான் வருகிறது, ஆனால் ஓவரால் 7 என்று போட்டிருக்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் நான் விண்ணப்பிக்கும் படிப்பின் விதிமுறையைத் திரும்பப் படித்தால், ஓவரால் 7 வேண்டும், எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. இந்த 7 நிஜமாகவே 7 தானா, இல்லை பின்னால் யாராவது 6.875 என்று சொல்லித் தள்ளிவிடுவார்களா? ரைட்டிங்கில் இரண்டு கேள்விக்கும் முழுசாக எழுதினேன், பெரிய பிழை எதுவும் விட்டதாகத் தெரியவில்லை, அப்படியும் ஏன் 6? முழுத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டும் என்று நினைத்தாலே தலை சுற்றுகிறது.

பழைய பேனா:
முதல் சந்தேகத்தை விட்டுவிடுங்கள், அது முழு 7 தான். சராசரியைப் பக்கத்தில் இருக்கும் அரை பேண்டுக்குக் (இந்தத் தேர்வில் மதிப்பெண்ணைப் பேண்ட் என்பார்கள்) கொண்டுபோவார்கள், சரியாக .25 வந்தால் .5 ஆகும், .75 வந்தால் அடுத்த முழு எண் ஆகும். 6.75 வந்திருந்தாலும் உங்களுக்கு 7 தான், 6.625 என்றால் 6.5-க்கு இறங்கியிருக்கும்.

உங்களுக்கு இடிப்பது ரைட்டிங் மட்டும்தான். ஓவரால் எண்ணை முதலில் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது, ஆனால் சேர்க்கையில் கதவைத் திறப்பதும் மூடுவதும் பெரும்பாலும் நாலில் குறைந்த எண்தான். ரைட்டிங்கின் இரண்டு கேள்விகளில், கட்டுரை எழுதும் டாஸ்க் 2-க்கு, வரைபடத்தை விவரிக்கும் டாஸ்க் 1-ஐப் போல இரண்டு மடங்கு எடை. ஒருவர் டாஸ்க் 2-இல் 6.5, டாஸ்க் 1-இல் 5 எடுத்தால் (6.5 + 6.5 + 5) ÷ 3 = 6. இலக்கணம் என்பது நாலு அளவுகோலில் ஒன்றுதான். கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கருத்து கோர்வையாகப் போகிறதா, சொல்வளம் எப்படி, இந்த மூன்றுக்கும் அதே அளவு எடை உண்டு.

எனக்கும் முதல் தடவை இதே 6 தான் வந்தது. டாஸ்க் 1-இல் ஒரு கோட்டு வரைபடம். ஒவ்வொரு வருடத்துக்கும் எத்தனை சதவீதம் என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு, மொத்தத்தில் எது ஏறியது, எது இறங்கியது என்று ஒரு வரி கூட எழுதாமல் வந்துவிட்டேன். வெளிப்படையாகவே கிடைக்கும் பேண்ட் விளக்க அட்டவணையைப் பிறகு படித்தால், தெளிவான ஓவர்வியூ (அந்த மொத்தச் சுருக்கம்தான்) இல்லாமல் விவரங்களை இயந்திரம் மாதிரி அடுக்குவது 5-ஆம் பேண்டின் அடையாளம் என்று எழுதியிருந்தது. அப்படியே என் பேப்பர்! நீங்கள் ஓவர்வியூ எழுதினீர்களா, யோசித்துப் பாருங்கள்.

மழைக்காலம்:
ஐயோ. எனக்கு வந்தது பார் சார்ட். இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு பட்டையாக வர்ணித்துக்கொண்டே போனேன். டாஸ்க் 1-க்கே அரை மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது, அதனால் டாஸ்க் 2-இன் முடிவுரையை இரண்டே வரியில் முடித்தேன்.

தேன்சிட்டு:
அப்படியானால் காரணம் ஓரளவு தெரிந்துவிட்டது. 20 நிமிடத்துக்கு மேல் டாஸ்க் 1-க்குக் கொடுக்காதீர்கள், 150 சொல்லைத் தாண்டினால் போதும். இரட்டை எடை உள்ள டாஸ்க் 2-க்கு 40 நிமிடம் முழுசாக வேண்டும்.

முழுத் தேர்வையும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. கம்ப்யூட்டரில் எழுதியிருந்தால், அந்த மையத்தில் வசதி இருந்தால், ஒரே ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதலாம். தேர்வு நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத வேண்டும். புதிய ரைட்டிங் மதிப்பெண்ணும் பழைய மூன்றும் சேர்ந்து இன்னொரு சான்றிதழ் வரும். ஆனால் எல்லாக் கல்வி நிறுவனமும் அதை ஏற்பதில்லை, பணம் கட்டும் முன் சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்.

மறுமதிப்பீடும் கேட்கலாம். மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்பி வரும். நீங்களே சொல்வதைப் பார்த்தால் உங்கள் விஷயத்தில் நான் அதை நம்ப மாட்டேன்.

இரவுப்பறவை:
இன்னொன்று, இதையெல்லாம் விட்டு டோஃபல் என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வை எழுதலாமா என்ற யோசனை வந்தால், பழைய 120 மதிப்பெண் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். 2026 ஜனவரியிலிருந்து அது 1 முதல் 6 வரையிலான அளவுக்கு மாறிவிட்டது. அங்கே 6 என்றால் உச்சம், இங்கே உங்கள் 6 என்றால் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை பிரிக்கும் பொதுவான ஐரோப்பிய அளவில் பி2. எண் ஒன்றாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மழைக்காலம்:
சேர்க்கைப் பிரிவுக்கு இப்போதே மெயில் போட்டுவிட்டேன். ஏற்றுக்கொள்வார்கள் என்றால் ரைட்டிங் மட்டும் எழுதுகிறேன். பழைய பேனா, நாளைக்கு ஒரு டாஸ்க் 1 எழுதிப் போடட்டுமா, ஓவர்வியூ சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்வீர்களா?

பழைய பேனா:
தாராளமாகப் போடுங்கள். கடிகாரம் வைத்து 20 நிமிடத்தில் எழுதியதையே போடுங்கள், திருத்தியதை அல்ல.