முதல் நீண்ட சைக்கிள் பயணம்: வால்பாறைக் காடா, காவிரிக் கரையா?

கோவைச்சக்கரம்:
டிசம்பர் கடைசியில் நான்கு நாள் விடுப்பு கிடைக்கிறது. இதுவரை ஒருநாள் சவாரிதான் போயிருக்கிறேன். பை கட்டிக்கொண்டு, வழியில் தங்கித் தங்கிப் போவது இதுதான் முதல்முறை. இரண்டு வழிகளை மனதில் வைத்திருக்கிறேன். ஒன்று: பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடி. இன்னொன்று: திருச்சியிலிருந்து கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார். தனியாகத்தான் போகிறேன். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மேற்குமலை:
யோசிக்கவே வேண்டாம், மலைக்குப் போங்கள். ஆழியாறு அணையைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ஒன்பதாவது வளைவில் நின்று பார்த்தால் அணை முழுக்கக் கீழே தெரியும். அந்தப் பக்கத்துப் பாறைகளில் வரையாடு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காரில் போகிறவன் கண்ணாடியை இறக்கி ஒரு படம் எடுத்துவிட்டுப் போய்விடுவான். நீங்கள் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது, வெயில் காயும் புதர்க்காடு முடிந்து சோலைக்காட்டின் ஈரக்குளிர் எங்கே தொடங்குகிறது என்பது உடம்பிலேயே தெரியும். டிசம்பரில் மழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும்.

நாணல்:
தனியாள், முதல் பயணம், அதுவும் மளுக்கப்பாறை வழி. இந்த மூன்றையும் சேர்த்து ஒருவருக்குப் பரிந்துரைப்பது பொறுப்பில்லாத செயல். வால்பாறை வரை ஏறுவதைக்கூட விடுங்கள். மளுக்கப்பாறையிலிருந்து வாழச்சால் வரை கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் நல்ல காடு. 2022 நவம்பரில் அந்தச் சாலையில்தான் கபாலி என்று எல்லோரும் அழைக்கும் ஒற்றை ஆண் யானை எதிரே வந்து, ஒரு தனியார் பஸ்ஸை அதன் ஓட்டுநர் 8 கிலோமீட்டர் தூரம் பின்னாலேயே ஓட்டிப்போக வேண்டியிருந்தது. சைக்கிளில் இருப்பவர் என்ன செய்வார்?

யானைக்குக் கண்பார்வை கொஞ்சம் மந்தம், மோப்பமும் காதும் கூர்மை. பஸ் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். சைக்கிள் சத்தமில்லாமல் வளைவைத் திரும்பி இருபதடி தூரத்தில் போய் நிற்கும். திடுக்கிட்ட யானைதான் மிரண்டு துரத்தும். காட்டெருமைக்கும் இது பொருந்தும்.

மேற்குமலை:
நாணல் அண்ணா, அந்தப் பயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆனைமலைச் சாலைகளில் நடப்பது என்ன? வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. அதற்காகவே சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அடித்தவை காரும் வேனும் பைக்கும்தான். சைக்கிளில் அடிபட்டு ஒரு குரங்கு செத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஹாரன் இல்லை, புகை இல்லை, ஜன்னல் வழியாகச் சிப்ஸ் பாக்கெட் எறிவது இல்லை. காட்டுக்கு மிகக் குறைவாகத் தொந்தரவு தருகிறவனை வராதே என்று தடுத்துவிட்டு, இன்ஜின் வைத்தவனை மட்டும் விடுவது எந்த நியாயம்?

நாணல்:
குறைவான தொந்தரவு என்பதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஆனால் காட்டுக்குள் சைக்கிள்காரர் ஒருவருக்கு ஏதாவது ஆனால் அதன் விலையைக் கொடுப்பது அந்த விலங்கு. அடுத்த வாரமே ‘ஆட்கொல்லி யானை’ என்று பெயர் வைத்து, மயக்க ஊசி போட்டு, கும்கிகளைக் கொண்டுவந்து வேறு காட்டுக்கு மாற்றச் சொல்வார்கள். நாம் அனுபவம் தேடிப் போன ஒரு காலைக்காக அது தன் இடத்தை இழக்க வேண்டுமா? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. என் உயிர் அதற்கு அடுத்தது.

ஆற்றங்கரையில் இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. திருவானைக்கோவிலிலிருந்து உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணைக்குப் போங்கள். வலப்பக்கம் காவிரி, இடப்பக்கம் கொள்ளிடம், நடுவில் தீவு, வழியெல்லாம் வாழைத்தோட்டம். கல்லணை தாண்டிக் கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு. அப்புறம் கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம். கடல் வரை மொத்தம் சுமார் 150 கிலோமீட்டர். கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஊர், ஊருக்கு ஊர் சாப்பாடு, சைக்கிள் கடை. ஆறு பிரிகிற இடங்களைப் பார்த்துக்கொண்டே போவது தனி இன்பம்: கல்லணையில் வெண்ணாறும் புது ஆறும் பிரியும், திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரியும். பிரியப்பிரியக் காவிரி ஒடுங்கிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ரெட்டைப்பை:
இரண்டு வழியிலும் போயிருக்கிறேன், பெண் என்ற முறையில் சொல்கிறேன். ஊர்களின் வழியாகப் போகும் சாலைதான் நாணல் அண்ணா சொல்வதுபோல வசதி. கரை மேலேயே ஓடும் மண்பாதை அப்படி அல்ல. சாயங்காலம் ஆனால் மதகுப் பக்கமெல்லாம் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் நான் கரையில் போவதில்லை.

முள்ளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கரைகளில் சீமைக் கருவேலமும் நெருஞ்சியும் நிறைய. பஞ்சர் ஆனால் டியூபை மாற்றிவிட்டு உடனே கிளம்பாதீர்கள். டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றிலும் துடைத்துப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள்முனை இருக்கும். வெளியே ஒடிந்துபோய், உள்ளே மட்டும் அரை அரிசி நீளத்துக்கு நிற்கும். அதை எடுக்காமல் போட்டால் அடுத்த ஊருக்குள் புது டியூபும் போய்விடும்.

அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், வைக்கோலும் பரப்பியிருப்பார்கள். வைக்கோல் பின்கியரில் இருக்கும் சின்னச் சக்கரங்களில் சுற்றிக்கொண்டால் பின்கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கொக்கியே முறிந்துவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள். நெல்மேல் ஏற்ற வேண்டாம், அது அவர்களின் ஆறு மாத உழைப்பு.

மேற்குமலை:
டிசம்பரில் காவிரிக்கரை என்று சொல்பவர்கள் காற்றையும் சொல்ல வேண்டும். திருச்சியிலிருந்து கிழக்கே போனால் வாடைக்காற்று நேரே முகத்தில். சமதரையில் எதிர்க்காற்று மலையேற்றத்தைவிடக் கொடுமை, வளைவு முடிந்தால் ஓய்வு என்பதுகூட இல்லை. புயல் வந்தால் டெல்டா முழுக்கச் சேறு.

நாணல்:
காற்று விஷயம் சரி. டிசம்பரில் போவதென்றால் திசையை மாற்றிப் பூம்புகாரில் தொடங்கித் திருச்சிக்கு வரட்டும், வாடை முதுகில் தள்ளும். திருச்சியே கடல்மட்டத்துக்கு எண்பது தொண்ணூறு மீட்டர் உயரம்தான், அந்த ஏற்றம் காலுக்குத் தெரியவே தெரியாது. கோவையிலிருந்து மயிலாடுதுறை வரை ரயில் இருக்கிறது, சைக்கிளைப் பார்சலில் போட்டுக்கொண்டு போகலாம்.

உண்மையில் இதற்கு ஆனி, ஆடிதான் காலம். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். தண்ணீர் கல்லணை தாண்டி வந்திருக்கும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கடல் பக்கமாகத் தள்ளும். அதே மாதங்களில் வால்பாறையில் கொட்டுகிற மழைக்கு ரோடு கண்ணுக்குத் தெரியாது.

தோட்டத்து ஆள்:
வால்பாறையில் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். இரண்டு பேர் சொல்வதிலும் விட்டுப்போனதைச் சேர்க்கிறேன்.

இங்கே யானை எங்கே நிற்கிறது என்று கைப்பேசிக்குச் செய்தி வரும், சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கும் எரியும். அந்த விளக்கு எரிந்தால் நாங்களே போக மாட்டோம். வெளியூர்க்காரர்கள் அதை ஏதோ டவர் விளக்கு என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். டீக்கடையில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள். மாலை ஐந்துக்குமேல் தேயிலைக்கு நடுவே ஓட்டவே கூடாது, சிறுத்தை இருக்கிறது.

ஏறும்போது வலதுபக்கம் திரும்பும் வளைவுகளில்தான் கவனம் வேண்டும். நீங்கள் வெளிவட்டத்தில் இருப்பீர்கள். மேலிருந்து வரும் பஸ்ஸுக்கு உள்வட்டத்தில் இடம் போதாது, மூக்கைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கம் வந்துதான் திரும்பும். ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்றுவிடுங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று சட்டம் பேசிக்கொண்டு நிற்க வேண்டாம். இடது வளைவில் பஸ் தொல்லை இல்லை, ஆனால் உள்வட்டத்தில் செங்குத்தாக இருக்கும்; வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்.

இறங்கும்போது பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். சக்கர விளிம்பைக் கவ்வும் ரிம் பிரேக் என்றால் சூட்டில் டியூப் வெடிக்கும். விட்டுவிட்டுப் பிடியுங்கள், நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள்.

மளுக்கப்பாறை வழிக்கு என் கருத்து: தனியாக வேண்டாம். இரண்டு பக்கமும் செக்போஸ்ட் உண்டு, நேரக்கட்டுப்பாடும் உண்டு. நடுவில் செயின் அறுந்தால் கேட்க ஆள் இல்லை, போன் சிக்னலும் இல்லை.

மேற்குமலை:
தோட்டத்து ஆள் சொல்வதை ஏற்கிறேன். முதல் பயணத்துக்கு மளுக்கப்பாறை வேண்டாம், ஆழியாறு ஏறி வால்பாறையில் இரண்டு இரவு தங்கி அதே வழியில் இறங்கட்டும். ஆனால் நாணல் அண்ணா சொல்வதுபோல் காட்டுச்சாலையே சைக்கிளுக்கு ஆகாது என்பதை ஏற்க மாட்டேன். அது பொதுச்சாலை, நாள் முழுக்கப் பஸ் ஓடுகிறது.

நாணல்:
பஸ் ஓடுகிறது என்பது நாமும் போகலாம் என்பதற்குக் காரணம் ஆகாது. வால்பாறை மக்களுக்கு அந்த பஸ்ஸைவிட்டால் வழி இல்லை; நமக்கு ஆயிரம் வழி இருக்கிறது. பகலில், ஊர்க்காரர்களிடம் கேட்டு, ஆழியாறு வழியாக மட்டும் என்றால் நான் தடுக்கவில்லை. அதற்கு மேல் நகர மாட்டேன்.

கோவைச்சக்கரம்:
எல்லோருக்கும் நன்றி. டிசம்பரில் வால்பாறை போய்த் திரும்புகிறேன், சாலக்குடி பக்கம் போகவில்லை. மேட்டூர் திறந்ததும் திருச்சியிலிருந்து பூம்புகார். என் வண்டியில் முன் பல்சக்கரத்தில் 38 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 28. பை கட்டிக்கொண்டு 40 வளைவும் ஏற இது போதுமா?

ரெட்டைப்பை:
போதாது. பையோடு ஏறினால் பத்தாவது வளைவிலேயே முட்டி வலிக்கும். பின்னால் பெரிய சக்கரம் 34 பல் உள்ள கேசட் (பல்சக்கர அடுக்கு) போடுங்கள். உங்கள் பின்கியரில் செயினை இழுத்துப் பிடிக்கும் கையின் நீளம் அதற்கு ஒத்துவருமா என்று கடைக்காரரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். செயினும் கொஞ்சம் நீளமாக வேண்டியிருக்கும்.